ரெண்டே நாள்ல 2.7 கிலோ ஏறிருச்சு, அஞ்சு வாரம் வாயக் கட்டுனது வீணா?

கொலுசுக்காரி
திங்கள் காலை 7:10

இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிருவேன், எழுதுனது இல்ல. இன்னிக்கு மெஷின்ல ஏறி எறங்குனதுல இருந்து வேலையே ஓடல, அதான் வந்துட்டேன். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

வயசு 34, உயரம் 5 அடி 2 அங்குலம், ரெண்டு பிள்ளைங்க, வில்லாபுரத்துல வீடு. ஜவுளிக்கடைல பில்லிங்ல உக்காந்து பாக்குற வேலை. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி 78.4 இருந்தேன். சோறு, இட்லி, தோசை, சீனி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு காலைல ரெண்டு முட்டை, மத்தியானம் காய் நிறைய கூட கொஞ்சம் மீனோ கோழியோ, ராத்திரிக்கு பனீர் இல்லேன்னா திரும்பவும் முட்டைன்னு ஓட்டுனேன். மொத வாரமே 75.8 காட்டுச்சு, ஒரே வாரத்துல 2.6 கிலோ! அன்னிக்கு நான் போட்ட அலப்பறை இருக்கே, தெருவுல சொல்லாத ஆளு இல்ல. அதுக்கப்புறம் அரைக்கிலோ அரைக்கிலோவா எறங்கி போன வெள்ளிக்கிழமை காலைல 73.9.

சனி ஞாயிறு நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து, உசிலம்பட்டி பக்கம் குலசாமி கோயில்ல. எங்க வீட்டுக்காரர்தான் தாய்மாமன், அவர் மடிலதான் பிள்ளைய உக்கார வச்சு குத்தணும், அப்ப நான் எப்படி சாப்பிடாம ஓரமா நிக்க முடியும் சொல்லுங்க, "மாமன் பொண்டாட்டி எலைல உக்காரலயாம்"னு ஊரே பேசும். கிடா வெட்டு. மத்தியானம் சோறு, கறிக்குழம்பு, ரத்தப்பொரியல், குடல், ரசம், அப்பளம், ஊறுகா. ராத்திரி மறுபடி அதே குழம்பு சுண்ட வச்சு இட்லிக்கு. மறுநாள் காலைல பொங்கல் வடை, சாயங்காலம் கெளம்பும்போது பிள்ளைங்க கேட்டாங்கன்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பரோட்டா சால்னா (நான் ரெண்டுதான் தின்னேன், சத்தியமா), ஊருக்கு வந்து எறங்குன பெறகு ஒரு ஜிகர்தண்டா. அவ்வளவுதான்.

இன்னிக்கு காலைல 76.6.

மெஷின் கெட்டுப்போச்சோன்னு பேட்டரிய கழட்டி மாட்டிப் பாத்தேன், அடுப்படில வச்சு, ஹால்ல வச்சு, வாசப்படிகிட்ட வச்சுன்னு நாலு எடத்துல ஏறிப் பாத்தேன், பாயிண்ட்டு மாறுதே தவிர ஏறுனது எறங்கல. கால்ல கொலுசு பதிஞ்ச தடம் அப்படியே பள்ளமா நிக்குது. மோதிரத்த சோப்பு போட்டு உருவ வேண்டியதாப் போச்சு. கண்ணாடில மூஞ்சி பன்னு மாதிரி. எங்க அத்தை ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க, "சோத்த ஒதுக்கி வச்சா அது வட்டியோட வந்து ஏறும்த்தா"ன்னு. அதுலதான் அழுகையே வந்துருச்சு.

இது கொழுப்பா இல்ல வேற எதுவுமா? மூணு நாளைக்கு வெறும் தண்ணியும் மோரும் குடிச்சு இருந்துரவா? இல்ல தண்ணியவும் கொறைக்கணுமா? கூட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணுக்கு நல்லாப் போறதுக்கு ஒரு மாத்திரை இருக்கு, மெடிக்கல்ல கேட்டா தருவாங்க, ரெண்டே நாள்ல எறங்கிரும்னு சொல்லுது. போடலாமா?


சால்னா சங்கம்
திங்கள் காலை 7:32

அக்கா மொதல்ல கண்ணைத் தொடைங்க. கணக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு கிலோ கொழுப்புன்னா குத்துமதிப்பா 7700 கலோரி. 2.7 கிலோ கொழுப்பு ஏறணும்னா நீங்க வழக்கமா செலவழிக்கிறதுக்கு மேல 20,000 கலோரிக்கு மேல உள்ள தள்ளியிருக்கணும். ஒரு பரோட்டா 300 கலோரின்னு வச்சாக்கூட 70 பரோட்டா வருது. அந்தக் கிடாவே அவ்வளவு தின்னிருக்காது.

மாத்திரை மட்டும் வேணாம், யாராவது வெவரமானவங்க வந்து சொல்லுவாங்க.


நைட்டூட்டி
திங்கள் காலை 9:05

இப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்தேன், தூக்கக் கலக்கத்துல எழுதுறேன். நர்ஸா 20 வருசமா வார்டுல நிக்கிறேன், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுப் படிங்க தங்கச்சி.

மொதல்ல மாத்திரை. அந்தப் பொண்ணு சொல்றது அநேகமா நாங்க வார்டுல இதயம் வீங்குனவங்களுக்கு, கிட்னி நோயாளிங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் குடுக்குற மாத்திரை. அது தண்ணியோட சேத்து சோடியம், பொட்டாசியம் எல்லாத்தையும் வெளிய தள்ளிரும். பொட்டாசியம் சட்டுனு எறங்குனா கைகால் ஓஞ்சு போகும், நெஞ்சு படபடக்கும், இதயத்துடிப்பே தாறுமாறாப் போகும். அதுவும் இந்த வெயிலுக்கு. நிப்பாட்டுன ஒடனே ஒடம்பு திரும்ப தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், பழையபடி மெஷின் ஏறும், அப்ப திரும்ப போடத் தோணும். இந்த வம்பே வேணாம்.

இப்ப ஏன் ஏறுச்சுன்னு பாருங்க. நீங்கள்லாம் க்ளூகோஸ் ஏத்துறாங்கன்னு சொல்றீங்களே, பாதி நேரம் அதுல க்ளூகோஸே கெடையாது, வெறும் உப்புத்தண்ணி. ரத்தத்தோட உப்புக்கு சமமா கலந்தது. 500 மில்லி பாட்டில்ல 4.5 கிராம் உப்பு, அப்ப ஒரு லிட்டருக்கு 9 கிராம். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. நீங்க வழக்கத்துக்கு மேல 9 கிராம் உப்பு உள்ள தள்ளுனா, கிட்னி அத வெளிய அனுப்புற வரைக்கும் ஒடம்பு ஒரு லிட்டர் தண்ணியப் பிடிச்சு வச்சுத்தான் சமாளிக்கும். ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு சொல்லுது, ஒரு டீஸ்பூன். நீங்க எழுதுன மெனுவ மறுபடி படிங்க. கிடாக்கறிக் குழம்பு, அதையே சுண்ட வச்சு ராத்திரிக்கு (தண்ணி சுண்டும், உப்பு சுண்டாது), அப்பளம், ஊறுகா, பொங்கல், வடை, சால்னா. தாகமா இருந்துருக்குமே ரெண்டு நாளும்? சொம்பு சொம்பா குடிச்சிருப்பீங்க. அதுதான் மோதிரத்துக்குள்ள நிக்குது.

ரெண்டாவது சோறு. மாவுச்சத்து சாப்பிட்டா ஒடம்பு அதுல கொஞ்சத்த ஈரல்லயும் சதைலயும் சேத்து வைக்கும், கிளைகோஜன்னு பேரு. ஈரல்ல 100 கிராம் போல, சதைல 400 கிராம் போல. ஒரு கிராம் கிளைகோஜனோட கூட சுமாரா 3 கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு நிக்கும். அஞ்சு வாரமா சோறே காட்டாத ஒடம்புல அந்தக் குதிரு காலியா கெடந்துருக்கும், கண்ட ஒடனே நெரப்பிக்கிச்சு. அது போக சோறு சாப்பிட்டா இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறுனா கிட்னி உப்ப விடாது. ரெண்டும் ஒண்ணா சேந்துக்கிச்சு.

மூணாவது, சொன்னா முகம் சுளிப்பீங்க, வயித்துக்குள்ள கெடக்குற சாப்பாட்டுக்கும் எடை உண்டு. ரெண்டு நாளா வெளிக்குப் போனீங்களா ஒழுங்கா? வெளியூர் போனா நம்ம பொம்பளைங்க பாதிப் பேரு அடக்கிக்கிட்டுத்தான் இருப்போம்.

நாலாவது, மாத விலக்கு எப்ப வரணும்? பக்கத்துல இருந்தா அதுக்கே ஒரு கிலோ ஏறும், சில பேருக்கு ரெண்டு கூட.

அஞ்சாவது வெயில்ல கோயில் திடல்ல நின்னது, பஸ்ல காலத் தொங்கப் போட்டு வந்தது. வெயில் சூட்டுக்கு ரத்தக்குழாய் விரியும், தண்ணி பாதத்துல எறங்கி நிக்கும். கொலுசுத் தடம் அதான்.

பட்டினி கெடக்காதீங்க. தண்ணியக் கொறைக்காதீங்க, தண்ணி கம்மியானா கிட்னி இருக்குறதயும் இறுக்கிப் பிடிக்கும். சாதாரணமா வெள்ளிக்கிழமை வரைக்கும் என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களோ அதுக்கே திரும்பிருங்க, ஊறுகா அப்பளம் கருவாடு பக்கம் மட்டும் போகாதீங்க, சாயங்காலம் அரை மணி நேரம் நடங்க, ராத்திரி படுக்கையில காலுக்குக் கீழ ஒரு தலகாணி. மூணு நாலு நாள்ல ஒண்ணுக்கு போய்க்கிட்டே இருப்பீங்க பாருங்க.


கசாயம் குடி
திங்கள் காலை 10:40

நெருஞ்சில் முள் கசாயம் வச்சுக் குடிம்மா, நீர்க்கடுப்புக்கும் நல்லது. வாழத்தண்டு சாறு ஒரு டம்ளர் வெறும் வயித்துல. பார்லி கஞ்சித் தண்ணி. கொள்ளு ரசம். கொழுத்தவனுக்குக் கொள்ளு இளைச்சவனுக்கு எள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. இங்கிலீஷ் மருந்து எதுக்கு, மூணு நாள்ல பொட்டுனு எறங்கிரும்.


நைட்டூட்டி
திங்கள் மதியம் 3:20

ஐயா, கொள்ளு ரசம், பார்லித் தண்ணி, வாழத்தண்டுப் பொரியல் எல்லாம் சாப்பாடு, தாராளமா சாப்பிடட்டும். ஆனா மூணு நாள்ல எறங்கிரும்னு சொல்றீங்களே, அது ஒண்ணும் குடிக்கலன்னாலும் மூணு நாலு நாள்ல எறங்குற தண்ணிதான், அப்புறம் பேரு கசாயத்துக்குப் போயிரும். கசாயத்த மட்டும் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை போடுறவங்க, கிட்னி பிரச்சனை இருக்குறவங்க, மாசமா இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம எடுக்க வேணாம். எளனியும் அப்படித்தான், கிட்னி சரியில்லாதவங்களுக்கு அதுல இருக்குற பொட்டாசியமே ஆபத்து.


கசாயம் குடி
திங்கள் மதியம் 3:31

நான் 15 வருசமா குடிக்கிறேன் எனக்கு ஒண்ணும் ஆகல.


சால்னா சங்கம்
திங்கள் மதியம் 3:33

ஐயா ஒங்க எடை எவ்வளவு?


கசாயம் குடி
திங்கள் மதியம் 3:50

அது எதுக்கு இப்ப.


ரேஸ்கோர்ஸ் தம்பி
திங்கள் மாலை 6:15

அக்கா நானும் இந்தக் கூத்துல விழுந்து எழுந்தவன்தான். ரெண்டு வருசம் முன்னாடி ஒரு காலேஜ் பிரண்டு கல்யாணத்துக்கு முன்னால அவசரமா எறக்கணும்னு மழைக்கோட்டு மாதிரி ஒரு ஜெர்கின மாட்டிக்கிட்டு ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல அஞ்சு மணி வெயில்ல ஓடுனேன், வீட்டுக்கு வந்து ஏறுனா 1.2 கிலோ கம்மி. குதியாக் குதிச்சேன். அம்மா ரெண்டு சொம்பு மோர் குடுத்தாங்க, குடிச்சுட்டு ஏறுறேன், போனது போன வழியே வந்துருச்சு. தலை சுத்தி ஒக்காந்ததுதான் மிச்சம். தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க அத, இந்த ஊரு வெயிலுக்கு ஆளு விழுந்துரும்.

இப்ப நான் பண்றது, தெனமும் காலைல எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு எதுவும் குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே எடத்துல மெஷின வச்சு ஏறுவேன், நம்பர எழுதி வச்சுட்டு மறந்துருவேன், ஞாயித்துக்கிழமை ஏழு நாளையும் கூட்டி ஏழால வகுப்பேன். போன வாரம் எனக்கு வந்தது 81.2, 80.6, 81.9, 80.9, 80.4, 81.1, 80.3. பாத்தீங்களா, நடுவுல 81.9, முந்தின நாள் ராத்திரி தல்லாகுளத்துல கறிதோசை தின்ன வெனை. அன்னிக்கு மட்டும் ஏறிப் பாத்துருந்தா நானும் ஒங்கள மாதிரி உக்காந்து அழுதுருப்பேன். ஆனா வாரத்து சராசரி 80.9, அதுக்கு முந்தின வாரம் 81.4. எறங்கிருக்கு. அம்புட்டுதான் நான் பாப்பேன்.

இன்னொண்ணு, கோயில்ல பந்தி பரிமாறுனது, தண்ணிக் கொடம் தூக்குனதுன்னு வேலை செஞ்சிருப்பீங்கள்ல, பழக்கமில்லாத வேலை செஞ்சு சதை வலிச்சாலும் அந்த எடத்துல நீர் கோத்து எடை காட்டும். ஜிம்முல கால் பயிற்சி பண்ணுன மறுநாள் எனக்கு ஒரு கிலோ ஏறி நிக்கும். சதை ஏத்தணும்னு கிரியாட்டின் பவுடர் எடுக்குற ஜிம் பசங்களுக்கும் மொத வாரத்துல ஒண்ணு ரெண்டு கிலோ தண்ணி சேரும், அத கொழுப்புன்னு நெனச்சு பயந்து நிப்பாட்டிருவானுக.

மெஷின வாசப்படிகிட்ட வச்சுப் பாத்தேன்னீங்க, அது வேணாம். சரிவுல வச்சா கண்டபடி காட்டும். டைல்ஸ் தரைல ஒரு மூலைய புடிச்சு பேனால கோடு போட்டு வச்சுக்கங்க.


கொலுசுக்காரி
திங்கள் இரவு 9:40

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நைட்டூட்டி அக்கா, வெளிக்குப் போறதப் பத்தி கேட்டீங்களே, அதையும் கண்டுபிடிச்சுட்டீங்க, அங்க ஒரே பாத்ரூம், 40 பேரு. தேதி வர்ற சனிக்கிழமை வாக்குல. மாத்திரை வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், அதுவே ரெண்டு தடவை போட்டிருக்காம், நீங்க எழுதுனத போன்ல காட்டுனேன், மூஞ்சி வெளுத்துருச்சு.

ஆனா ஒண்ணு கேக்கணும், அடுப்படில பாத்திரம் கழுவும்போது தோணுச்சு. சோத்த விட்டா குதிரு காலியாகி தண்ணி போயிரும்னீங்க. அப்ப எனக்கு மொத வாரத்துல 2.6 கிலோ போச்சே, அதுவும் தண்ணிதானா?


நைட்டூட்டி
திங்கள் இரவு 10:15

கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் தங்கச்சி. ஆமா, முக்காவாசி தண்ணிதான். கிளைகோஜன் கரைஞ்சு அதோட தண்ணி, உப்பு எறங்கி அதோட தண்ணி, வயித்துல கெடக்குறதும் கம்மி. அன்னிக்கு போன தண்ணிதான் இன்னிக்கு திரும்ப வந்துருக்கு, 2.6 போச்சு, 2.7 வந்துச்சு, பாருங்க கிட்டத்தட்ட அதே நம்பர். போகும்போது தெருவெல்லாம் சொன்னீங்க, வரும்போது அழுகுறீங்க.

75.8ல இருந்து 73.9 வரைக்கும் நாலு வாரமா பைய எறங்குச்சே 1.9, அதுல பெரும்பகுதி நெசமான கொழுப்பு. அது எங்கயும் போகல, யாரும் திருப்பிக் குடுக்கவும் இல்ல.


கொலுசுக்காரி
திங்கள் இரவு 10:22

அப்ப அஞ்சு வாரத்துக்கு ரெண்டு கிலோதானா 😔


ரேஸ்கோர்ஸ் தம்பி
திங்கள் இரவு 10:30

ரெண்டு கிலோ கொழுப்புன்னா என்னான்னு தெரியுமாக்கா? கறிக்கடைல ஒரு கிலோ ஆட்டுக்கொழுப்ப தனியா நிறுத்து வாங்கிப் பாருங்க. தட்டு நெறைய இருக்கும். அது மாதிரி ரெண்டு.


மூணாவது சுத்து
செவ்வாய் காலை 11:00

நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன், 41 வயசு, இது எனக்கு மூணாவது டயட்டு, அதான் இந்தப் பேரு. மொத ரெண்டு தடவையும் நான் விட்டதே இப்படி ஒரு திங்கக்கிழமைலதான். மொத தடவை திருக்கல்யாண விருந்து சாப்பிட்டுட்டு, சித்திரைத் திருவிழா முழுக்க மண்டகப்படி மண்டகப்படியா பானகமும் புளியோதரையும் தின்னுட்டு, எதிர்சேவைக்கு ராத்திரியெல்லாம் நின்னு, அழகர் ஆத்துல எறங்குனத பாத்துட்டு வந்து ஏறுனா மூணு கிலோ. அதுக்குப் பிராயச்சித்தம் மாதிரி மூணு நாள் வெறும் மோர். மூணாவது நாள் சாயங்காலம் கை நடுங்குது, அடுப்படிக்குள்ள நின்னுக்கிட்டே பிள்ளைங்களுக்கு வாங்கி வச்ச மிக்சர் பாக்கெட்ட முழுசா காலி பண்ணிட்டேன், கூட ஆறு தோசை. மறுநாள் ஏறல. மறுவாரமும் ஏறல. மெஷின் பரண் மேல போயிருச்சு, நான் பழைய எடைக்கு மேல நாலு கிலோ போட்டேன், அது கொழுப்பு, தண்ணி இல்ல. திருவிழா என்னைய குண்டாக்கல, அந்த மூணு நாள் மோர்தான் ஆக்குச்சு.

இப்ப நான் மத்தியானம் ஒரு கரண்டி சோறு சாப்பிடுறேன், அளந்து. வெஞ்சனம் ரெண்டு பங்கு. மெஷின் ஒரு கிலோ கூட காட்டுனா காட்டிட்டுப் போகட்டும், ஆனா விசேசத்துக்குப் போயிட்டு வந்தா ஒரேயடியா எகிறுறது கெடையாது, அந்தக் குதிருக்குள்ள எப்பவும் கொஞ்சம் இருக்குல்ல, அதனால. ஒங்களுக்கும் சோறே இல்லாம காலம் பூரா ஓட்ட முடியும்னு தோணலேன்னா யோசிங்க மதினி. (மதினின்னு கூப்பிடலாம்ல? ஒங்க வீட்டுக்காரர் தாய்மாமன்னதும் எங்க வீட்டு விசேசம் மாதிரியே இருந்துச்சு.)

ஜாக்கெட் ஊக்கு எத்தனாவது கண்ணுல மாட்டுதுன்னு பாருங்க. மெஷினவிட எனக்கு அதான் கணக்கு.


மேலூர்க்காரன்
செவ்வாய் மதியம் 1:10

எனக்கும் இதே மாதிரி போன மாசம் மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கி வலி மாத்திரை அஞ்சு நாள் போட்டேன், ரெண்டு கிலோ ஏறிருச்சுண்டு நெனச்சு வயித்தக் கட்டுனேன், டாக்டர்கிட்ட போனா அந்த மாத்திரையே நீர் கோக்கும்ண்டு சொல்லி வஞ்சாரு. சாப்பாட்ட மட்டும் சந்தேகப்படாதீங்க.


நைட்டூட்டி
செவ்வாய் மாலை 5:45

மேலூர்க்காரர் சொன்னது நல்ல விசயம், விட்டுட்டேன். வலி மாத்திரை, ஸ்டீராய்டு, சில பிரஷர் மாத்திரை, சில சுகர் மாத்திரை எல்லாமே நீர் கோக்க வைக்கும். அதுக்காக நீங்களா நிப்பாட்டிராதீங்க, எழுதிக் குடுத்தவர்கிட்டயே கேளுங்க.

விருந்துத் தண்ணி எது, நோய்த் தண்ணி எதுன்னு கண்டுபிடிக்க வீட்லயே ஒரு வழி. கணுக்காலுக்கு மேல முன்னெலும்பு மேல கட்டைவிரல வச்சு பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கி எடுங்க. விருந்துக்கு மறுநாள், வெயில்ல நின்ன அன்னிக்கு லேசா குழி விழுந்து ஒரு ராத்திரில சரியானா பரவால்ல. நல்லா குழி விழுந்து, பைய பைய மேல வந்து, தெனமும் அப்படி இருந்தா டாக்டர்கிட்ட போகணும். அதே மாதிரி படுத்தா மூச்சு முட்டுறது, காலைல எந்திரிக்கும்போது கண்ணைச் சுத்தி வீங்குறது, ஒண்ணுக்குல நுரை நிக்கிறது, ஒரு காலு மட்டும் வீங்கி வலிக்கிறது. ஒரு காலு மட்டும்னா அன்னிக்கே போங்க, ரத்தம் கட்டியிருக்கலாம். மாசமா இருக்குறவங்களுக்கு மூஞ்சி கை திடீர்னு வீங்குனாலும் அன்னிக்கே. ஏற்கெனவே இதயம் பலவீனம்னு சொன்னவங்களுக்கு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுறது விருந்துக் கணக்குல சேராது, ஒடனே காட்டணும்.


கொலுசுக்காரி
அடுத்த வாரம், வியாழன் இரவு 9:15

பத்து நாள் கழிச்சு வர்றேன், கணக்கு சொல்ல. திங்கள் 76.6, செவ்வாய் 76.2, புதன் 75.3 (அன்னிக்கு கடைல சூப்பர்வைசரே கேட்டாரு, என்னம்மா இத்தன தடவை எந்திரிச்சுப் போறன்னு), வியாழன் 75.0, வெள்ளி 74.8, சனி 75.2, தேதி தள்ளி ஞாயித்துக்கிழமைதான் வந்துச்சு, அப்புறம் மறுபடி எறங்கி இன்னிக்கு காலைல 74.3. நடுவுல சனிக்கிழமை ஏறுனப்ப பழைய நானா இருந்தா மெஷின கிணத்துல போட்டிருப்பேன்.

மதினி சொன்ன மாதிரி மத்தியானம் ஒரு கரண்டி சோறு ஆரம்பிச்சுட்டேன். அதனால 73.9 இன்னும் தொடல, ஆனா ஊக்கு உள்பக்கத்து கண்ணுல மாட்டுது, அது டயட்டு தொடங்குறதுக்கு முன்னாடி மாட்டாது. மோதிரம் சுத்துது.

இன்னொண்ணுதான் முக்கியமா சொல்லணும். நைட்டூட்டி அக்கா அமுக்கிப் பாக்கச் சொன்னாங்களா, எனக்கு ஒண்ணும் விழல. சும்மா லந்துக்கு எங்க அத்தை திண்ணைல காலத் தொங்கப் போட்டு உக்காந்துருந்தாங்க, அவங்க கால்ல அமுக்கினேன். விரலு உள்ள போற மாதிரி குழி, நான் உள்ள போயி காபிய எறக்கி வச்சுட்டு வந்து பாக்குறேன், இன்னும் லேசா பள்ளம் தெரியுது. "அது ஆறு மாசமா அப்படித்தான், வயசானா கால் உப்பாதா"ங்குறாங்க. மெட்டிய எப்பயோ கழட்டி வச்சுட்டாங்களாம், ஏறலன்னு, எங்க யாருக்கும் தெரியாது. மறுநாளே கூட்டிக்கிட்டுப் போனோம். ஒண்ணுக்கு டெஸ்ட், கிட்னிக்கு ரத்த டெஸ்ட், நெஞ்சுக்கு எக்கோ எல்லாம் எடுத்தாங்க, அதுல ஒண்ணும் பெரிசா இல்ல. பிரஷருக்குப் போடுற அம்லோடிபின் மாத்திரை டோஸ் கூட்டுனதுல இருந்துதான் வீக்கம்னு சொல்லி வேற மாத்திரை மாத்திக் குடுத்துருக்காங்க. இப்ப பாதம் வத்த ஆரம்பிச்சுருக்கு.

என்னைய வட்டின்னு சொன்னவங்க இப்ப தெனமும் காலைல எனக்கு முன்னாடியே எந்திரிச்சு மெஷின்ல ஏறுறாங்க. சேலையோட, இடுப்புல வெத்தலப் பையோட. "பைக்கு எவ்வளவுத்தா கழிக்கணும்"னு கேக்குறாங்க.


சால்னா சங்கம்
வியாழன் இரவு 9:21

பாக்குவெட்டி உள்ள இருக்கா இல்லையான்னு மொதல்ல கேளுங்கக்கா.